வருகிறவரும் வைக்கப்படுவதும்: ரோபோவோடு உறவாடல் பற்றிய ஒரு நூலின் இறையியல் திறனாய்வு

மனிதர் தம் அன்றாட வாழ்வில் ரோபோவோடு மெய்யாகவே உறவாட இயலுமா என்னும் வினா, முன்னொரு காலத்தில் கதாசிரியர்களுக்கே உரியதாய் இருந்தது. இன்று அது முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் எழும் வினாவாகிவிட்டது. ஆயர்கள் அடிக்கடி சென்று அமரவேண்டிய இடங்களும் இவையே. ஆதலின் இவ்வினாவை அறிவியலாருக்கே விட்டுவிட்டு நாம் ஒதுங்கி நிற்பது முறையன்று.

இதனை ஆழ்ந்து ஆராய்ந்த நூல்களுள் ஒன்று, அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பல்லாண்டுகள் கற்பித்தவரான ஷெரி டர்கிள் 2011இல் வெளியிட்ட 'அலோன் டுகெதர்' என்பதாகும். 'கூடியிருந்தும் தனிமை' என அதன் தலைப்பைத் தமிழில் கூறலாம். நூலின் இரண்டாம் பகுதி கைப்பேசியையும் இணையத்தையும் பற்றியது. முதற்பகுதி ரோபோக்களைப் பற்றியது. அம்முதற்பகுதியே இங்குத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. ரோபோ தரும் தோழமை மெய்யான தோழமை அன்று என்னும் டர்கிளின் முடிவோடு நான் உடன்படுகிறேன். ஆனால் அம்முடிவுக்கு அவர் காட்டும் காரணம் போதாது. அக்காரணத்தை நாம் அப்படியே ஏற்போமாயின், நம் சபைகளிலுள்ள மிகவும் நலிந்தோருக்கே அது தீங்காய் முடியும். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

1. நூல் காட்டும் காட்சிகள்

நூலின் தொடக்கத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. 2005ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க் நகரத்து அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் டார்வினைப் பற்றிய கண்காட்சி நடைபெற்றது. வாயிலருகே கலாபகோஸ் தீவுகளின் பேராமைகள் இரண்டு வைக்கப்பட்டிருந்தன. ஒன்று கண்ணுக்குத் தென்படவில்லை. மற்றொன்று அசைவற்றுக் கிடந்தது. டர்கிளின் பதினான்கு வயது மகள் அதனைச் சற்று நோக்கிவிட்டு, இதற்கு உயிருள்ள ஆமை எதற்கு, ஒரு ரோபோவே போதுமே என்னும் கருத்துப்படக் கூறினாள். அங்கிருந்த பிற பிள்ளைகளுள்ளும் பலர் அவ்வாறே எண்ணினர். உயிர் என்பது தன்னிலேயே மதிப்புடையது என்னும் எண்ணம் தேய்ந்து, 'எந்த வேலைக்காக உயிர்?' என்னும் கேள்வி அவ்விடத்தைப் பற்றிக்கொண்டதை டர்கிள் அங்கே கண்டார்.

அடுத்த காட்சி அவர் பணிபுரிந்த நிறுவனத்திலேயே நிகழ்ந்தது. 2001ஆம் ஆண்டுக் கோடையில் அவரும் அவருடைய சகாக்களும் அறுபது குழந்தைகளை அங்கு உருவான இரு ரோபோக்களிடம் அழைத்துச் சென்றனர். அவற்றுள் ஒன்றான கிஸ்மெட், சிந்தியா பிரசீல் உருவாக்கிய, முகபாவம் காட்டும் ஓர் இயந்திரத் தலை. சொற்களின் பொருளை அது அறியாது. குரலின் ஏற்றத்தாழ்வுகளுக்கு ஏற்ப முகத்தை மாற்றும், மழலை போல் ஒலியெழுப்பும். அது பழுதுபட்டு மறுமொழி தராதபோது, கருவி கெட்டுவிட்டது என்று எண்ணாமல், தங்களை அதற்குப் பிடிக்கவில்லை என்று மனம் வாடிய குழந்தைகள் உண்டு.

மூன்றாவது காட்சியே நமக்கு மிகவும் நெருக்கமானது. ஜப்பானில் தகனோரி ஷிபாடா என்பார் உருவாக்கி, 2005இல் விற்பனைக்கு வந்த 'பாரோ' என்பது, வெண்மயிர் போர்த்த கடல்நாய்க் குட்டியின் உருவிலமைந்த ரோபோ. தொடுதல், ஒளி, ஒலி ஆகியவற்றை உணர்ந்து அது தலை திருப்பும், கண் இமைக்கும், முனகும். நாய், பூனை எனில் மனிதர் தாம் அறிந்த விலங்கோடு ஒப்பிட்டுக் குறை காண்பர். கடல்நாயோடு பழகியவர் அரியர். எனவேதான் இவ்வுருவம் தெரிந்துகொள்ளப்பட்டது. அமெரிக்காவில் 2009இல் இது மருத்துவச் சாதனமாக ஏற்கப்பட்டது. முதியோர் இல்லம் ஒன்றில் டர்கிள் சந்தித்த 72 வயதுப் பெண்மணி தம் மகனோடு உறவு முறிந்து துயருற்றிருந்தார். தம்மைப்போலவே பாரோவும் துயருற்றிருப்பதாக அவர் எண்ணினார். அதைத் தடவித் தேற்றினார். தேற்றியதில் தாமும் சற்று ஆறுதல் பெற்றார். அருகே நின்ற டர்கிள், இதனை ஒரு வெற்றி என்று எழுதத் தயங்குகிறார். தேற்றப்படவேண்டியவர் தேற்றுகிறார், ஆனால் அவர் கூறுவதைக் கேட்க அங்கே எவருமில்லை.

2. நூலின் வலிமை

இந்நூலின் முதல் வலிமை, அது வினாவைத் திருப்பிவைத்ததாகும். ரோபோவுக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட, அதன்முன் அமரும் மனிதருக்குள் என்ன நிகழ்கிறது என்பதையே டர்கிள் கேட்கிறார். இவ்வகையில் அவர் ஜோசப் வைசன்பாம் வழிவந்தவர். அதே நிறுவனத்தில் பணியாற்றிய வைசன்பாம் 1966இல் வெளிப்படுத்திய 'எலிசா' என்னும் கணிப்பொறி நிரல், நாம் தட்டச்சு செய்யும் கூற்றையே ஒரு கேள்வியாக மாற்றித் திருப்பித் தரும் எளிய ஏற்பாடு. அதனை அவர் உருவாக்கியதை அருகிருந்து கண்ட அவருடைய செயலாளரே, அதனோடு சிறிது உரையாடியதும், தம்மைத் தனியே விடும்படி வைசன்பாமைக் கேட்டுக்கொண்டார். இதனால் கலங்கிய வைசன்பாம், இயந்திரத்திடம் ஒப்படைக்கத் தகாத மனிதப் பணிகள் உண்டு என 1976இல் ஒரு நூலே எழுதினார்.

உறவின் பெரும்பகுதியை மனிதரே கொண்டுவந்து இயந்திரத்தில் ஊற்றுகின்றனர் என்பதைப் பிந்திய ஆய்வொன்றும் ஓரளவு காட்டுகிறது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 28 பராமரிப்பு இல்லங்களில் மறதிநோயுற்ற 415 பேரிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வு அது. ஒரு பிரிவினருக்குப் பாரோவும், மற்றொரு பிரிவினருக்கு இயக்கம் நிறுத்தப்பட்ட அதே பொம்மையும், மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான பராமரிப்பும் அளிக்கப்பட்டன. பாரோவைப் பெற்றோர் கூடுதலாகப் பேசினர், நோக்கினர் என்பது உண்மை. ஆனால் உணர்ச்சி காட்டாத வெறுமைநிலை குறைவதில், இயங்காத பொம்மையைப் பெற்றோரும் வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றோரைவிட மேம்பட்டிருந்தனர். மடியில் ஒன்றை வைத்துக் கொஞ்சுவதே ஒரு நலம்; அந்நலத்தில் ஒரு பங்கு கொஞ்சுகிறவரிடமிருந்தே வருகிறது.

இரண்டாம் வலிமை, 'ஒன்றுமில்லாததற்கு இது மேல்' என்னும் வாதத்தை டர்கிள் எளிதில் விட்டுவிடாததாகும். முதியவருக்கு ஒருவரும் இல்லை, ஆகவே ரோபோவாவது இருக்கட்டும் என்பர். ஒருவரும் இல்லாமற்போனது எப்படி என்று அவர் கேட்கிறார். அது இயற்கையின் விதியன்று. குடும்பங்களும் சமூகங்களும் செய்த தெரிவுகளின் விளைவு. இக்கேள்விக்காகவே இந்நூலை நம் மாணாக்கர் வாசிக்கவேண்டும்.

3. அளவுகோலின் குறை

ஆயினும், ரோபோவின் தோழமை ஏன் மெய்யானதன்று என்பதற்கு டர்கிள் தரும் விடை யாது? ரோபோவுக்குத் தாய் இல்லை, பிள்ளைப்பருவம் இல்லை, நோயும் மரணமும் இல்லை. மனித வாழ்வின் பாதையில் நடவாத ஒன்று அன்பையும் இழப்பையும் பற்றிப் பேசுவது வெறும் நடிப்பு என்கிறார். இது உண்மையே. ஆனால் உறவின் மெய்ம்மையை, எதிரே இருப்பதன் உள்ளத்தில் இருக்கும் அனுபவத்தைக்கொண்டே இவ்விடை அளக்கிறது. உறவு கொள்வதற்கு ஒரு தகுதி வேண்டும். அத்தகுதி ரோபோவுக்கு இல்லை என்பதே இதன் சாரம்.

இவ்வகை எண்ணம் இறையியலுக்குப் புதிதன்று. மனிதரிலுள்ள கடவுளின் சாயல் யாது என்னும் வினாவுக்கு, அகுஸ்தீன் தம் திரித்துவ நூலில் நினைவு, அறிவு, சித்தம் ஆகிய உள்ளத்தின் ஆற்றல்களைச் சுட்டினார். பின்வந்தோர் பலர் பகுத்தறிவையே சாயல் எனக் கொண்டனர். மனிதருக்கு மட்டுமே இவ்வாற்றல்கள் உரியன என்றிருந்த காலத்தில் இவ்விளக்கம் தொல்லை தரவில்லை. 2022ஆம் ஆண்டு நவம்பரில் 'சாட்ஜிபிடி' பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டபின் நிலைமை வேறு. நினைவில் வைத்திருப்பது போலவும், பகுத்தறிந்து பேசுவது போலவும், ஆறுதல் கூறுவது போலவும் இயங்கும் கருவிகள் இன்று பலர் கையில் உள்ளன. அதே 2022இல், நியூயார்க் மாநிலத்தின் முதியோர் நல அலுவலகம், 'எல்லிகியூ' என்னும் பேசும் ரோபோவை 800க்கும் மேற்பட்ட முதியோரின் வீடுகளில் வைக்கும் திட்டத்தை அறிவித்தது. ஆற்றலே அளவுகோல் எனின், இயந்திரம் ஆண்டுதோறும் ஏறிவரும்; முதியவரோ ஆண்டுதோறும் இறங்கிவருவார்.

இங்கு ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடவேண்டியுள்ளது. நான் முன்னர்ப் பணிபுரிந்த குருசேகரத்தில், நினைவு முற்றிலும் மங்கிய மூதாட்டி ஒருவருக்கு மாதந்தோறும் வீட்டிற்குத் திருவிருந்து கொண்டுசெல்வது வழக்கம். அவர் என்னை, என்றோ இறந்துபோன தம் தம்பியின் பெயரால் அழைப்பார். ஒருநாள் அவருடைய மகள் என்னைத் திண்ணை வரை வழியனுப்ப வந்து, "ஐயா, அம்மாவுக்கு அப்பம் எதுவென்றும் தெரியவில்லை, நீங்கள் யாரென்றும் தெரியவில்லை. இனியும் நீங்கள் சிரமப்படவேண்டுமா?" என்று கேட்டார். அவர் அன்பின்மையால் அப்படிக் கேட்கவில்லை. என் வெயில் நடையை எண்ணிக் கேட்டார். ஆயினும் அக்கேள்வி டர்கிளின் அளவுகோலையே தன்னுள் கொண்டிருந்தது. அனுபவமும் நினைவும் மறுமொழியும் இல்லாத இடத்தில் உறவு உண்டா? இல்லை எனில், ரோபோவைத் தள்ளிய அதே கையால் அம்மூதாட்டியையும் தள்ளியாகவேண்டும்.

இதற்கு மாற்றாக மார்ட்டின் பூபரின் 'நானும் நீயும்' என்னும் கருத்தை நாடுவோர் உண்டு. ரோபோ ஓர் 'அது'. மனிதரே 'நீ' என எளிதாய் முடித்துவிடுவர். ஆனால் 1923இல் வெளியான தம் நூலில் பூபர், ஒரு மரத்தோடும் 'நான்–நீ' உறவு நிகழலாம் என்கிறார். தம் வீட்டுப் பூனையின் பார்வையைப் பற்றியும் எழுதுகிறார். மரம் 'நீ' ஆகலாம் எனின், ரோபோ ஏன் ஆகாது என்று ஒரு மாணாக்கர் கேட்பாராயின், பூபரைமட்டும் கொண்டு விடை கூறுதல் எளிதன்று. பூபரை மேற்கோள் காட்டி அமர்ந்துவிடும் சொற்பொழிவுகள் இதனை மறந்துவிடுகின்றன.

4. பார்த் கூறும் நான்கு படிகள்

கார்ல் பார்த் தம் 'திருச்சபைக் கோட்பாட்டியல்' என்னும் பெருநூலின் மூன்றாம் தொகுதி இரண்டாம் பகுதியில், அதாவது 1948இல் வெளியான பகுதியில், மனிதம் என்பதன் அடிப்படை வடிவம் சகமனிதரோடுள்ள சந்திப்பே என்கிறார். அச்சந்திப்பை நான்கு படிகளில் விளக்குகிறார்: ஒருவரையொருவர் கண்ணோடு கண் காணுதல், ஒருவரோடொருவர் பேசியும் கேட்டும் இருத்தல், ஒருவருக்கொருவர் துணைசெய்தல், இவையனைத்தையும் இருவரும் மனமுவந்து செய்தல். பார்த்தின் இக்கருத்தைச் செயற்கை அறிவுக்குப் பொருத்தி, நோரீன் ஹெர்ஸ்ஃபெல்ட் 2002இலேயே ஒரு நூல் எழுதியுள்ளார். இப்படிகளின் வழியே ரோபோவை நடத்திப் பார்ப்பது பயனுடையது.

முதலாவது, காணுதல். ரோபோவின் கண்ணிலுள்ள படக்கருவி நம்மைப் பதிவு செய்கிறது. ஆனால் பார்த் கூறும் காணுதல் இருவழிப்பட்டது. நான் காண்பதோடு, காணப்படவும் என்னைத் திறந்துகொடுக்கிறேன். தோட்டத்தில் ஒளிந்துகொண்ட ஆதாமும் ஏவாளும் நமக்கு நினைவில் வரவேண்டும் (ஆதியாகமம் 3). மறைத்துக்கொள்ள இயலாத ஒன்றால் தன்னை வெளிப்படுத்தவும் இயலாது. ரோபோவுக்கு வெட்கமில்லை, ஆகவே அதற்கு முகமும் இல்லை.

இரண்டாவது, பேச்சு. இன்றைய இயந்திரம் மிகவும் தேர்ந்திருப்பது இதிலேதான். எனினும், பேசுகிறவர் தம் சொல்லுக்குப் பொறுப்பேற்கும்போதே பேச்சு உறவாகிறது. 'நாளை வருவேன்' என்று ஒருவர் கூறி வராவிடின் அது பொய். வந்தால் அது உண்மை தவறாமை. ரோபோ அதே சொற்களைக் கூறினாலோ, பொய்யும் இல்லை, வாய்மையும் இல்லை. அதன் பின்னே நிற்பது ஒரு நிறுவனத்தின் தீர்மானம். சோனி நிறுவனம் 1999இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஐபோ' என்னும் ரோபோ நாயின் உற்பத்தியை 2006இல் நிறுத்தியது. 2014இல் பழுது பார்த்தலையும் நிறுத்தியது. அதன்பின் ஜப்பானில் சீபா மாநிலத்து இசுமி நகரிலுள்ள ஒரு பௌத்த ஆலயத்தில், செயலற்றுப்போன இந்நாய்களுக்கு நீத்தார் சடங்குகள் நடத்தப்பட்டன. உரிமையாளரின் அன்பு மெய்யானது, நகைப்புக்குரியதன்று. ஆனால் அவ்வன்புக்கு மறுபுறத்தில் வாக்குக் கொடுத்தவர் எவருமில்லை.

மூன்றாவது, துணைசெய்தல். ரோபோ துணைசெய்யும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பார்த்தின் சந்திப்பில், துணைசெய்கிறவரும் துணை தேவைப்படுகிறவரே. பாரோ முனகித் தன் தேவையைக் காட்டும்போது, அத்தேவை நம் பாசத்தை எழுப்பும்பொருட்டு அமைக்கப்பட்ட ஒரு பொறியமைப்பு. தான் பேணுவதன்மேல் மனிதர் பாசம் வைப்பர் என்னும் நல்லியல்பையே அது பயன்படுத்திக்கொள்கிறது.

நான்காவது, மனமுவத்தல். இங்கேதான் 'ரோபோ' என்னும் சொல்லின் பிறப்பை நோக்கவேண்டும். செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட 'ஆர். யூ. ஆர்.' என்னும் நாடகத்தின் வழியே அச்சொல் உலகெங்கும் பரவியது. நிலக்கிழாருக்குக் குடியானவர் ஊதியமின்றிச் செய்யவேண்டியிருந்த கட்டாய உழைப்பைக் குறிக்கும் 'ரோபோட்டா' என்னும் செக் சொல்லே அதன் வேர். மறுக்க இயலாத உழைப்பு என்பது அதன் பெயரிலேயே பொதிந்துள்ளது. மறுக்க இயலாதது உவந்து செய்யவும் இயலாது.

நான்கு படிகளிலும் ரோபோ தவறிவிட்டது என்று நாம் மனநிறைவு கொள்ளுமுன், இரு செய்திகள் நம்மைத் தடுக்கின்றன. ஒன்று, முதற்படியைப் பற்றிப் பேசுகையில் பார்த் அலுவலக மனப்பான்மையைச் சாடுகிறார். மனிதரைக் காணாமல், திட்டத்தையும் வகைப்பாட்டையும் மட்டும் கண்டு நடத்தும் நிருவாகத்தை மனிதமற்றது என்கிறார். வீடு சந்திக்கச் சென்று, ஒரு சங்கீதத்தை வாசித்து, ஒரு ஜெபத்தைச் சொல்லி, ஐந்து நிமிடத்தில் காலணியைத் தேடும் ஆயரும் அந்நான்கு படிகளில் தவறக்கூடியவரே. மற்றொன்று, அம்மூதாட்டியும் அவற்றில் தவறுவார். அவர் என்னைக் காணவில்லை, வேறொருவரையே கண்டார்.

5. குற்றுயிராய்க் கிடந்தவன்

இம்முட்டுக்கு வழிகாட்டுவது நல்ல சமாரியன் உவமை என்பது என் துணிபு (லூக்கா 10:25-37). நியாயசாஸ்திரி கேட்ட கேள்வி, தனக்குப் பிறன் யார் என்பது. உறவுக்குத் தகுதியானவர் யார், எல்லை எங்கே என்பதே அதன் உட்பொருள். இயேசு கதையின் முடிவில் அக்கேள்வியைத் திருப்பிவிடுகிறார்: பிறனாய் நடந்துகொண்டவன் யார் என்று கேட்கிறார். கள்ளர் கையில் அகப்பட்டவன் அக்கதையில் ஒரு சொல்லும் பேசவில்லை. அவன் சமாரியனைக் கண்டதாகவோ நன்றி கூறியதாகவோ எழுதப்படவில்லை. பார்த்தின் படிகளில் ஒன்றிலும் அவனால் ஏற இயலாத நிலை. எனினும் அங்கே மெய்யான சந்திப்பு நிகழ்ந்தது. அது கிடந்தவனின் ஆற்றலால் அன்று, வந்தவனின் வருகையால் நிகழ்ந்தது.

அவ்வருகையின் இயல்பை உவமை நுணுக்கமாய்க் காட்டுகிறது. சமாரியனுக்கு வேறொரு பயணம் இருந்தது, அதை நிறுத்தினான். அவனுக்கு எண்ணெயும் திராட்சரசமும் இருந்தன, அவற்றைச் செலவிட்டான். வாகனம் இருந்தது, தான் இறங்கி, காயப்பட்டவனை ஏற்றினான். இரண்டு பணம் கொடுத்தான். திரும்பி வருவதாக வாக்களித்தான். ஆசாரியனையும் லேவியனையும்போல அவனும் விலகிப் போயிருக்கக்கூடும். விலகிப் போகக்கூடியவன் போகாமல் நின்றதே கதையின் உயிர்.

ரோபோவுக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டை இங்கேதான் காண்கிறேன். ரோபோ வருவதில்லை, வைக்கப்படுகிறது. அதற்கு வேறொரு பாதை இல்லை. ஆகவே அதனால் எதையும் நிறுத்திவிட்டு நம்மிடம் திரும்ப இயலாது. அதற்குச் செலவிடத் தனக்கென ஒரு பொழுது இல்லை. அது வராமலிருக்க இயலாது. ஆகவே அது இருப்பது வருகையும் ஆகாது. இவ்வேறுபாடு அதன் அறிவு வளர்வதால் மறையாது. நாளை அது நம்மைவிட இனிமையாகப் பேசினாலும், எவரும் நம்மைத் தேடி வந்தார் என்று நாம் கூற இயலாது. வார்த்தை மாம்சமாகித் தம்மிடமிருந்து வெளியேறி நம்மிடம் வந்தது என்று அறிக்கையிடும் திருச்சபைக்கு (யோவான் 1:14), வருகை என்பது உறவின் ஓர் அணிகலன் அன்று, உறவே அதுதான்.

இவ்வளவுகோல் மூதாட்டியைக் கைவிடாது. அவர் உறவுக்குரியவராயிருப்பது அவருடைய நினைவால் அன்று. கடவுள் அவரைப் பெயர்சொல்லி அழைத்திருப்பதாலும், நாம் அவரிடம் அனுப்பப்பட்டிருப்பதாலும் ஆகும். அன்று திண்ணையில் நான் அவருடைய மகளுக்குக் கூறிய விடை மிகச் சிறியது. "அம்மாவுக்குத் தெரியாவிட்டாலும், அவர்களை யாரென்று எனக்குத் தெரியும், நம் ஆண்டவருக்கும் தெரியும்" என்றேன். அடுத்த மாதமும் சென்றேன். அவர் தம் தம்பி வந்ததாகவே மகிழ்ந்தார். யாரோ ஒருவர் தம்மைத் தேடி வந்தார் என்பது மட்டும் அவர் அறிந்திருந்தார், அதில் தவறில்லை.

6. ஆசிகூறும் இயந்திரம்

இவ்விடத்தில் சீர்திருத்தத் திருச்சபைகளின் மரபில் வந்த நமக்கு ஒரு தடை எழுகிறது. 2017இல், மறுமலர்ச்சி இயக்கத்தின் ஐந்நூறாம் ஆண்டு நினைவாக ஜெர்மனியின் விற்றன்பர்க் நகரில் நடந்த கண்காட்சியில், ஹெஸ்ஸே–நாசாவ் நற்செய்தித் திருச்சபை ஒரு ரோபோவை நிறுத்தியது. 'பிளெஸ்யூ-2' என்பது அதன் பெயர். வருவோர் மொழியையும் குரலையும் தெரிந்துகொள்ளலாம்; அது கைகளை உயர்த்தும், உள்ளங்கைகளில் ஒளி தோன்றும், திருமறை வசனத்தோடு ஆசி கூறும்; வேண்டுவோருக்கு அதனை அச்சிட்டும் தரும். ஆயருக்கு மாற்றாக அன்று, சிந்தனையைத் தூண்டவே அத்திருச்சபை இதனைச் செய்தது. தூண்டிய சிந்தனை எளியதன்று. ஊழியரின் தகுதியின்மை அருட்சாதனத்தின் பயனைக் கெடுக்காது என ஆக்ஸ்பர்க் அறிக்கையின் எட்டாம் பிரிவும், ஆங்கிலத் திருச்சபையின் முப்பத்தொன்பது பிரிவுகளுள் இருபத்தாறாம் பிரிவும் கூறுகின்றன. ஆள் எத்தகையவர் என்பது பொருட்டன்று எனின், ஆளே இல்லாவிடின் என்ன?

விடை, ஆக்ஸ்பர்க் அறிக்கையின் பதினான்காம் பிரிவில் உள்ளது. முறைப்படி அழைக்கப்படாதவர் திருச்சபையில் வெளிப்படையாய்ப் போதிக்கவோ அருட்சாதனங்களை வழங்கவோ கூடாது என்கிறது அது. தகுதியற்ற ஊழியரும் அழைக்கப்பட்டவரே. தாம் கூறும் ஆசி தமக்கும் தேவைப்படுகிறவரே. தாம் கூறியதற்குக் கணக்கு ஒப்புவிக்கவேண்டியவரே. அவருடைய குறை கடவுளின் வாக்கைத் தடுக்காது என்பது, அங்கே ஒருவரும் வேண்டியதில்லை என்பதாகாது. அழைப்பை மறுக்க இயலாத ஒன்றால், 'இதோ, அடியேன்' என்று கூறவும் இயலாது. கடவுள் விரும்பினால் இயந்திரத்தின் வழியாகவும் பேசமாட்டாரோ என்று கேட்கலாம். பேசுவார், பிலேயாமின் கழுதை வழியாகவும் பேசினார் (எண்ணாகமம் 22). அதற்காக எந்தத் திருச்சபையும் கழுதைக்குக் குருப்பட்டம் அளித்ததாகத் தெரியவில்லை.

7. ஆயர் பணிக்கு

இங்குக் கூறியவை இயந்திரங்களுக்கு எதிரான பிரசங்கமாகக் கொள்ளப்படலாகாது. ஜப்பானின் ரிகென் ஆய்வு நிறுவனம், படுக்கையிலிருந்து நோயாளரைத் தூக்கி மாற்றும் ரோபோக்களை 2009இலும் 2015இலும் காட்டியது. நோயாளரை நாள்தோறும் தூக்கி முதுகு நொந்த செவிலியர் இதனைக் கடவுளின் கொடை எனின், நாம் மறுக்கவேண்டியதில்லை. அந்நிய கை தம்மைக் குளிப்பாட்டுவதைவிட இயந்திரமே மேல் என வெட்கத்தால் விரும்பும் முதியவரின் மானத்தையும் நாம் மதிக்கவேண்டும். நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இவ்வியந்திரம் ஒரு மனிதரை வரவிடுகிறதா, அன்றி வராமலிருக்க அவருக்குச் சாக்குத் தருகிறதா? தூக்கும் ரோபோ செவிலியருக்கு அமர்ந்து பேச நேரம் தருமாயின் அது நன்று. பேசும் ரோபோ மகனுக்கு வரவேண்டாத நிம்மதியைத் தருமாயின், குற்றம் இயந்திரத்தினுடையதன்று.

பாரோவைத் தடவும் பெண்மணியைக் கண்டிக்கும் உரிமையும் நமக்கில்லை. வேறெங்கும் ஊற்ற இடமில்லாத அன்பையே அவர் அதில் ஊற்றினார். கண்டனம் உண்டாயின், அவர் அருகேயிருந்த வெற்று நாற்காலிக்குரியவரைச் சாரும். அந்நாற்காலி எவருடையது என்பதை டர்கிள் கேட்டார்; அதற்கு விடை கூறுவது ஒரு சமூகவியல் நூலின் கடமையன்று. 'வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்களா?' என்று கேட்கப்படவிருக்கும் மக்களாகிய நம் கடமை அது (மத்தேயு 25).

நம் சபைகளிலும் பிள்ளைகள் தொலைநாடுகளில் வாழ, பெற்றோர் தனித்திருக்கும் வீடுகள் பெருகிவருகின்றன. அவ்வீடுகளுக்கு ரோபோ வருமுன்னரே, கைப்பேசியில் அனுப்பப்படும் வசனமும் பதிவுசெய்யப்பட்ட ஜெபமும் ஆயரின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கிவிட்டன. அவை தீயவை அல்ல. ஆனால் அவை வருகை அல்ல. ரோபோ மனிதரோடு உறவாடுமா என்று மாணாக்கர் கேட்கும்போது, நாம் அவருக்கு ஒரு கோட்பாட்டைச் சொல்லி முடித்துவிடாமல், சபைப் பதிவேட்டை எடுத்துக் கொடுப்போம். அதில் வீட்டைவிட்டு வெளியே வர இயலாதோரின் பெயர்கள் உள்ளன. அவர்களுள் ஒருவரையேனும் இந்த வாரத்தில் சென்று கண்டுவந்தபின், அக்கேள்வியை மீண்டும் எடுத்துப் பேசுவோம்.